பார்க்கின்சன் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்க்கின்சன் நோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுவது, 1995-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் வெளியிட்ட பி.டி.க்யூ-39. 39 கேள்விகள், 8 பிரிவுகள். கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொரு சிரமமும் எவ்வளவு அடிக்கடி இருந்தது என்று கேட்கும். விடைகள் ‘ஒருபோதும் இல்லை’ (0) முதல் ‘எப்போதும்’ அல்லது ‘செய்யவே முடியவில்லை’ (4) வரை. ஆய்வேட்டுக்காக இதை முதன்முறை எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

உடன் வந்தவரைக் கேட்டு நிரப்புவது

“அப்பாவுக்குக் கை நடுங்கும் சார், நானே எழுதிடறேன்” என்று மகன் பேனாவை வாங்கிக்கொள்வார். அவர் எழுதட்டும். ஆனால் விடையையும் அவரே சொல்லத் தொடங்கிவிடுவார். இந்த நோயில் குரல் தணிந்துவிடும், முகத்தில் உணர்ச்சி தெரியாது, பதில் வர நேரமாகும். அதுவரை பொறுக்க யாருக்கும் மனமில்லை. சட்டை பட்டன் போடச் சிரமமா என்றால், “அதெல்லாம் கஷ்டமில்லை, அம்மாவே போட்டுவிட்டுடுவாங்க” என்று பதில் வரும். தாளில் 0 விழும். விழ வேண்டியது 4.

அன்றாட வேலைப் பிரிவில் 6 கேள்விகள், உச்சம் 24. நோயாளி தானே சொல்லி 15 வருகிறது என்று வையுங்கள்: 15-ஐ 24-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 62.5. பட்டனும் குளியலும் 4-இலிருந்து 0 ஆனால் 7 மட்டுமே, அதாவது 29.2. இரண்டே கட்டங்களால் ஒட்டுமொத்தக் குறியீடு (எட்டுப் பிரிவுகளின் சராசரி) 4.2 புள்ளி இறங்கிவிட்டது. அடுத்த முறை நோயாளியே பதில் சொன்னால், மருந்தை மாற்றியதால் நிலை மோசமானதாகப் பதிவாகும். யாரோ ஒருவரின் மருந்து இதை நம்பி மாற்றப்படலாம்.

மனத்தைப் பற்றிய கேள்விகளில் சேதம் இன்னும் அதிகம். நோயை மறைக்க வேண்டியிருந்ததா, நாலு பேர் முன்னால் சாப்பிடத் தயங்கினீர்களா என்பதற்கு மகன் எதிரில் எந்த அப்பா உண்மை சொல்வார்? துணையின் ஆதரவு போதவில்லையா என்ற கேள்வியை மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது கொடுமை.

உடன் வந்தவரை வெளியே உட்கார வையுங்கள். மருந்து வேலை செய்யும் ‘ஆன்’ நேரத்தில் கேளுங்கள். ஐந்து விடைகளையும் பெரிய எழுத்தில் அட்டையில் அச்சிட்டு, விரலால் காட்டச் சொல்லுங்கள். கேள்வியை உள்ளபடி வாசியுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள், பதில் வரும்வரை காத்திருங்கள். மறதி முற்றியவருக்கு உடன் இருப்பவரைக் கேட்பதைத் தவிர வழியில்லை. அப்போது யார் சொன்னது என்று தாளின் தலைப்பிலேயே குறித்து, ஆய்வு முடியும்வரை அவரையே கேளுங்கள்.

39 விடைகளையும் கூட்டி மொத்தம் போடுவது

நடமாட்டத்துக்கு 10 கேள்விகள், பேச்சுத் தொடர்புக்கு 3. நேராகக் கூட்டினால் கால் பிரச்சினை மற்றதை விழுங்கிவிடும். ஒவ்வொரு பிரிவையும் 0–100 அளவுக்கு மாற்றி, எட்டின் சராசரியை எடுங்கள்.

விடுபட்ட கட்டத்துக்கு 0 போடுவது

0 என்றால் ‘சிரமமே இல்லை’. நோயாளி கிளம்புமுன் தாளைப் புரட்டிப் பாருங்கள். வாழ்க்கைத்துணை இல்லாதவருக்கு 28-ஆம் கேள்வி (துணையின் ஆதரவு) பொருந்தாது. அந்தப் பிரிவின் 3 கேள்விகளில் 2 மட்டுமே மிஞ்சுவதால், கூட்டுத்தொகையை 12-க்குப் பதில் 8-ஆல் வகுக்க வேண்டும்.

திசையைக் குழப்புவது

இதில் மதிப்பெண் கூடினால் நிலை மோசம். எந்த நோய்க்கும் பயன்படும் பொதுவான வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளான ஈ.க்யூ-5டி-யின் குறியீட்டில் கூடினால் நல்லது.

கேட்காததை ‘இல்லை’ என்று எழுதுவது

மலச்சிக்கல், இரவில் அடிக்கடி சிறுநீர், தாம்பத்தியம் எதுவும் இந்தத் தாளில் கிடையாது. தனியாகக் கேளுங்கள்.