நாய் எடுக்கும் முன் ஒரு வாரம் வீட்டைக் கவனியுங்கள்

எங்கள் வீட்டுக்கு எங்கள் நாய் முத்து வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆறு மாதங்களில் நான் செய்த தவறுகளை எழுதி வைத்திருந்தால் ஒரு நோட்டு நிரம்பியிருக்கும். அவற்றில் ஒன்று என் மகளின் மணிக்கட்டு வரை வந்துவிட்டது. நாய் வளர்க்க ஆசைப்படும் நண்பர்களிடம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் வரிசையாக எழுதிவிடுகிறேன். படுக்கை வாங்குவது, பெயர் வைப்பது எல்லாம் இதில் இருக்காது. அதற்கு யாருடைய உதவியும் உங்களுக்குத் தேவைப்படாது.

படி 1: தாளும் பேனாவும்

ஒரு வாரம் குறித்து வையுங்கள். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் எவ்வளவு? காலையில் அரை மணி நேரம் நாயோடு நடக்கப்போவது யார்? மழை பெய்தாலும் யார்? எங்கள் தாளில் “எல்லோரும்” என்று எழுதினோம். இரண்டே வாரத்தில் அந்த எல்லோரும் நான் ஒருவன்தான் என்று தெரிந்தது. ஒரு பெரியவரின் பெயரை எழுதுங்கள். “நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று சத்தியம் செய்யும் பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரும்பாலான நாய்கள் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கும். இன்று ஆறு வயதில் அடம்பிடிக்கும் பிள்ளை அப்போது கல்லூரிக்குப் போயிருக்கும். நாய் உங்களோடு இருக்கும்.

படி 2: எந்த வேலைக்குப் பிறந்த நாய்?

படத்தைப் பார்த்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். அந்த இனத்தை எதற்காக வளர்த்தார்கள் என்று பாருங்கள். பார்டர் கோலி ஆடு மேய்க்கும் நாய். ஓடி விளையாடும் குழந்தைகளையும் மந்தையாக நினைத்து வளைத்து, குதிகாலைக் கவ்வப் பார்க்கும். பீகிள் முயலின் வாசனையைப் பிடித்து ஓடுவதற்காக வளர்க்கப்பட்டது. மூக்கு தரையில் பதிந்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. லாப்ரடார் எதையும் வாயில் தூக்கிவரும், உங்கள் செருப்பு உட்பட. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சு விடுவதே சிரமம். நாய் தன் உடல் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது என்பதால் வெயில் காலத்தில் அவை படும் பாடு அதிகம்.

என் கட்சி இது: முதன்முறையாக வளர்ப்பவர்கள் காப்பகத்திலிருந்து இரண்டு மூன்று வயதான கலப்பின நாயை எடுப்பது நல்லது. எவ்வளவு பெரிதாகும், என்ன குணம் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்திருக்கும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை, குட்டிதான் எடுத்தோம். குட்டிதான் வேண்டும் என்றால் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கூடப்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. தாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காதீர்கள். மூலையில் ஒடுங்கும் குட்டி மீது இரக்கம் வரும், மற்றவற்றை மிதித்துக்கொண்டு வரும் குட்டி மீது ஆசை வரும். இரண்டையும் விடுத்து, வந்து உங்களை முகர்ந்துவிட்டுத் தன் விளையாட்டுக்குத் திரும்புகிற குட்டியைப் பாருங்கள்.

படி 3: ஊசி

கால்நடை மருத்துவர் சொல்லும் அட்டவணையை அப்படியே பின்பற்றுங்கள். பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை சில வார இடைவெளியில் ஊசி போடுவார்கள். ஒரே ஊசியை ஏன் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்று நானும் கேட்டேன். தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருள் தடுப்பூசியை வேலை செய்யவிடாது. அது எப்போது தேயும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். வெறிநோய்த் தடுப்பூசி தனி, அதைத் தவறவே விடக் கூடாது. குடற்புழு மருந்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புதியவற்றுக்குக் குட்டி எளிதாகப் பழகும் பருவம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைதான். ஊசியெல்லாம் முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அந்தப் பருவம் கடந்துவிடும். நான் முத்துவைத் தரையில் விடாமல் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நிற்பேன். குடை, தலைக்கவசம், லாரியின் ஹாரன் எல்லாவற்றையும் அது தோளில் இருந்தபடியே பார்த்துப் பழகியது.

படி 4: சாப்பாட்டுக் கிண்ணம்

நான் சறுக்கிய இடம் இதுதான். “நாய் சாப்பிடும்போது கிண்ணத்துக்குள் கையை விடு, எஜமான் யார் என்று தெரியும்” என்று ஒருவர் சொன்னார். தினமும் விட்டேன். மூன்றாவது வாரத்தில் முத்து அவசர அவசரமாக விழுங்கத் தொடங்கியது. பிறகு என் காலடிச் சத்தம் கேட்டதும் உடம்பு விறைத்தது, தலை கிண்ணத்தின் மேல் கவிழ்ந்தது, ஓரக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. அதன் பிறகு உறுமல். அதட்டினேன். உறுமல் நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு மாதம் கழித்து, கிண்ணத்தருகே உருண்ட பென்சிலை எடுக்க மகள் குனிந்தாள். சத்தமே இல்லை. பல் மணிக்கட்டில் பட்டது. நல்லவேளை, தோல் கிழியவில்லை. எச்சரிக்கையைத்தான் அதட்டி நிறுத்தியிருக்கிறேன், பயம் அப்படியே உள்ளே இருந்திருக்கிறது. ஒவ்வொரு வேளையும் உங்கள் தட்டில் யாராவது கையை விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

சரிசெய்தது இப்படித்தான். முதலில் கிண்ணத்தில் கை விடுவதை அடியோடு நிறுத்தினேன். யாரும் குறுக்கே போகாத மூலையில் சாப்பாடு. அந்த நேரத்தில் குழந்தைக்கு அங்கே அனுமதி இல்லை. அடுத்து, உடம்பு விறைக்காமல் அது சாப்பிடுகிற தூரம் எது என்று பார்த்தேன். முத்துவுக்கு மூன்று மீட்டர். அங்கே நின்று, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கிண்ணத்தின் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பி நடந்துவிட வேண்டும். திரும்பி நடப்பதுதான் முக்கியம். நான் நின்று ரசித்துக்கொண்டிருந்ததில் மூன்று நாள் உழைப்பு வீணானது.

ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை போதும். உங்களைக் கண்டதும் உடம்பு தளர்ந்து, வால் ஆட, “என்ன கொண்டுவந்தாய்?” என்பதுபோல் தலை தூக்கினால் அரை அடி நெருங்கலாம். மறுபடி விறைத்தால் பழைய தூரத்துக்கே போய்விடுங்கள். எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. திருடிய காலுறையையும் பிடுங்காமல் பண்டமாற்றாகத்தான் வாங்குகிறோம். இந்தப் பயிற்சியைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும்.

நாய் ஏற்கெனவே ரத்தம் வரக் கடித்திருந்தால் இதையெல்லாம் நீங்களாக முயலாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலியோ பல் வலியோ காரணமாக இருக்கலாம். அதன் பிறகு பயிற்சியாளரிடம் போகலாம். கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதால், வீட்டு நாய்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

படி 5: சிறுநீர்

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோங்கள். சிறுநீர் போனதும் அங்கேயே பாராட்டுங்கள். வீட்டுக்குள்ளே போய்விட்டால் அதன் மூக்கை அதில் தேய்க்காமல் பேசாமல் துடையுங்கள். அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம், அதன் மூக்குக்கு அது சிறுநீர் வாடைதான். என்சைம் கலந்த திரவம் விலை கூடுதல் என்றாலும் அதையே வாங்குங்கள்.

கருவிகள்

மார்பின் முன்புறம் வளையம் உள்ள ஹார்னஸும் (கழுத்துக்குப் பதில் உடம்பில் மாட்டும் பட்டை) இரண்டு மீட்டர் துணி வாரும் போதும். பொத்தானை அழுத்தினால் நீளும் வார் எனக்குப் பிடிக்காது. இழுத்தால் நீளம் கிடைக்கும் என்று நாய்க்குப் பாடம் நடத்துகிறது, அந்த மெல்லிய கயிறு என் விரலையும் அறுத்திருக்கிறது. இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

பின்சேர்க்கை: உங்கள் கருத்துகளைப் படித்த பிறகு

கோழித் துண்டால் வயிற்றுப்போக்கு வந்ததாக இருவர் எழுதியிருந்தார்கள். துண்டு சுண்டுவிரல் நகத்தளவு இருக்கட்டும். அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறையுங்கள். வழக்கமான உணவை மாற்றுவதானாலும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

கோழிக்குப் பதில் வீட்டில் இருப்பதைக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். வலி என்று தோன்றினாலும் நம் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்.

பூனையும் இருக்கும் வீடுகளுக்கு: நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. வாங்கும்போதே பூனை இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு நாய்கள் இருந்தால் நான்காம் படியைச் சேர்த்து நடத்தாதீர்கள். தனித்தனி அறையில், கதவைச் சாத்தி, ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். கதவைத் திறக்கும் முன் இரண்டு கிண்ணங்களையும் எடுத்துவிடுங்கள். காலிக் கிண்ணத்துக்கும் சண்டை வரும்.