நெஞ்சு எக்ஸ்ரே பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெஞ்சு எக்ஸ்ரேயில் நேரும் பிழைகள் பலவும் நோயைப் பற்றிய அறியாமையால் வருவதில்லை. படம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்று பாராமல் நேரே நுரையீரலுக்குள் கண்ணை ஓட்டுவதால் வருகின்றன. ‘இதயம் பெரிதாகியிருக்கிறது’ என்ற அவசர முடிவு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நோயாளியை நிற்கவைத்து, நெஞ்சைத் தகட்டோடு ஒட்டி, முதுகுப்புறத்தில் சுமார் 180 செ.மீ. தொலைவிலிருந்து கதிரைப் பாய்ச்சி எடுக்கும் பி.ஏ. படத்தில்தான், இதயத்தின் அகலம் மார்புக்கூட்டின் உள் அகலத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற கணக்கு பொருந்தும். படுக்கையிலேயே முன்புறமிருந்து எடுக்கும் ஏ.பி. படத்தில், இதயம் தகட்டிலிருந்து விலகியும் கதிர்க்குழாய்க்கு நெருங்கியும் இருப்பதால், நல்ல இதயமும் பெருத்தே காணப்படும்.

மூச்சை முழுதாக இழுக்காமல் எடுத்த படமும் இவ்வாறே ஏமாற்றும். உதரவிதானத்துக்கு மேலே பின்புற விலா எலும்புகள் குறைந்தது ஒன்பதேனும் எண்ணக் கிடைக்கவில்லையென்றால், கீழ்ப்பகுதியில் தெரியும் மங்கலை நிமோனியா என்று எழுதுமுன் சற்றுத் தயங்குவது நல்லது. காறை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பின் நடுமுள்ளிலிருந்து சமதூரத்தில் இல்லையென்றால் நோயாளி திரும்பி நின்றிருக்கிறார். அப்போது ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளுத்தும் தெரிவது நோயாகாது.

காசநோய் மலிந்த நம் நாட்டில் நுரையீரலின் உச்சிப் பகுதியைத்தான் மிகவும் கவனமாகப் பார்க்கிறோம், ஏமாறுவதும் அங்கேதான். தோளின் முன்னே விழுந்து கிடக்கும் சடை, உச்சியில் ஒரு திட்டுப் போலவே பதியும். அந்த நிழலை மேல்நோக்கித் தொடர்ந்தால், அது நுரையீரலின் எல்லையைக் கடந்து கழுத்து வரை போவது தெரியும். எடுப்பதற்கு முன்பே சடையைத் தூக்கிக் கட்டச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. உண்மையான திட்டாக இருந்தாலும், அது ஆறிய தழும்பா, இப்போது தீவிரமாக உள்ள நோயா என்பதை ஒரே படத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது. பழைய படத்தைத் தேடி ஒப்பிட வேண்டும். சளியைச் சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும்) சோதனைக்கு அனுப்ப வேண்டும். இவற்றைச் செய்யாமல் ஆறு மாத மாத்திரையைத் தொடங்குவது பழைய தழும்புக்கு வைத்தியம் பார்ப்பதாக முடியலாம்.

ஒரு குறை கண்ணில் பட்டதும் தேடலை நிறுத்திக்கொள்வது அனுபவசாலிகளையும் விடாத பழக்கம். நிமோனியாவைக் கண்ட மகிழ்ச்சியில் விலா எலும்பின் அரிப்பும், இதயத்தின் பின்னே முக்கோணமாகச் சுருங்கிக் கிடக்கும் இடது நுரையீரலின் கீழ்மடலும் விடுபட்டுப் போகின்றன.

நுரையீரல் உறையில் சேரும் நீரும் எளிதில் தப்பும். நின்று எடுத்த பி.ஏ. படத்தில் சுமார் 200 மி.லி. சேர்ந்த பிறகே விலாவும் உதரவிதானமும் சந்திக்கும் விலா ஓரக் கோணம் மழுங்கித் தெரியும். படுத்த நிலையில் நீர் முதுகுப்புறம் பரவிவிடுவதால் அந்தப் பக்கம் இலேசாக மங்குவதோடு சரி.

நெஞ்சுவலியோடு வந்தவரைப் ‘படம் நார்மல்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதே இவற்றுள் ஆபத்தானது. மாரடைப்பிலும், நுரையீரல் தமனியை இரத்தக்கட்டி அடைத்த நிலையிலும்கூட எக்ஸ்ரே குறையின்றி இருக்கக்கூடும். அவற்றைக் கண்டறிய ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் வேண்டும்.