குழந்தையின் மேல் படும் முன் புதுத்துணியைச் சோதிப்பது எப்படி?

திருப்பூரில் குழந்தைகள் ஆடை ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனி ஒன்றில் பல ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது பெருந்துறைப் பக்கம் சிறிய தையல் கூடம் வைத்து, பிறந்த குழந்தை முதல் மூன்று வயது வரைக்குமான ஆடைகள் தைக்கிறேன். வாங்க வருகிற தாய்மார்கள் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது காட்டன்தானே?” என்று கேட்பார்கள். காட்டன்தான். ஆனால் பருத்தி நூல் துணியாகி, வெளுத்து, சிவப்போ நீலமோ ஏறி, நெஞ்சில் பொம்மைப் படம் பதித்து, மடிப்புக் கலையாமல் கவருக்குள் வந்து சேர்வதற்குள் பல ரசாயனங்களைக் குடித்துவிடுகிறது. அவற்றில் ஒரு பகுதி நன்றாக அலசினால் போய்விடும். இன்னொரு பகுதி எத்தனை முறை துவைத்தாலும் போகாது. முதல் வகையை வீட்டிலேயே நீக்கிவிடலாம். இரண்டாவது வகையைக் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு நாம் என்ன கணக்கில் தைத்து அனுப்புகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் துணியில், அசோ என்ற வகைச் செயற்கைச் சாயங்கள் உடைந்து வெளிவரக்கூடிய 22 வகை அமீன் ரசாயனங்களில் எதுவும் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அவை புற்றுநோய் உண்டாக்குபவை. ஓக்கோ-டெக்ஸ் என்ற பன்னாட்டுத் துணிச் சான்றின் தரத்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் துணி முதல் வகுப்பு. அதில் தோலையும் கண்ணையும் உறுத்தும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் சோதனையில் தெரியவே கூடாது, அதாவது கிலோவுக்கு 16 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பெரியவர்களின் தோலைத் தொடும் துணிக்கு 75 வரை போகலாம். முதல் வகுப்புத் துணியின் கார அமில அளவு (பி.எச்.) 4-க்கும் 7.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். குழந்தை துணியைச் சப்பும் என்பதால் எச்சிலில் சாயம் இறங்குகிறதா என்றும் தனியாகச் சோதிக்கிறார்கள். அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டப்படி குழந்தைகளின் பொருட்களில் ஈயத்துக்கும் கடுமையான வரம்பு உண்டு. பெயின்ட் பூச்சு என்றால் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது.

இவ்வளவையும் தேறிய சட்டை தைக்கப்படுவது நம் ஊரில், நம் கைகளால். நம் இந்தியாவிலும் 1990-களிலேயே பென்சிடின் வகைச் சாயங்களும் ஆபத்தான அசோ சாயங்களுமாக 112 சாயங்களைக் கையாளத் தடை வந்துவிட்டது. ஏற்றுமதியில் வாங்குகிறவர் ஒவ்வொரு நிறத்துக்கும் சோதனை அறிக்கை கேட்கிறார். உள்ளூரில் வாங்குகிற நாம் விலையை மட்டும் கேட்கிறோம். இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கடையில் செய்ய வேண்டியவை

முதலில் முகர்ந்து பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. சீனாவின் தேசியத் தரமே துணியில் பூஞ்சை, மண்ணெண்ணெய், மீன் ஆகியவற்றின் வாடை இருக்கக்கூடாது என்கிறது, அங்கே ஆய்வகத்திலும் மூக்கால் முகர்ந்துதான் பார்க்கிறார்கள். கவரைத் திறந்ததும் கண்ணை உறுத்தும் காரமான நெடி வந்தால் ஃபார்மால்டிஹைடு இருக்கலாம். சுருங்காமல் இருக்கப் போடும் ரெசின், அடர்நிறம் நிற்கப் போடும் சில ஃபிக்சர்கள், பிக்மென்ட் பிரிண்டிங்கில் நிறத்தூளை ஒட்டவைக்கச் சேர்க்கும் பைண்டர் ஆகியவற்றிலிருந்து அது வரும். மண்ணெண்ணெய் வாடை பெரும்பாலும் செக்கிங் பிரிவில் எண்ணெய்க் கறையை எடுக்க அடித்த கரைப்பானின் மிச்சம். இந்த இரண்டும் காற்றாடவிட்டு அலசினால் பெருமளவு போகும். ஆனாலும் நெடி பலமாக இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

அடுத்து பிரிண்ட். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் மையில் அடித்த பிரிண்ட் என்றால் துணியும் படமும் ஒன்றாகவே இருக்கும், விரலுக்குப் பின்னல் தெரியும். ரப்பர் தகடு ஒட்டியதுபோல் தடித்து, வெயிலில் வைத்தால் பிசுபிசுத்து, இழுத்தால் மினுங்கினால் அது பிளாஸ்டிசால். பி.வி.சி.யோடு அதை இளக வைக்கும் எண்ணெய் கலந்த மை அது. அந்த எண்ணெய் தாலேட் வகையாக இருந்தால் குழந்தையின் ஹார்மோன்களைப் பாதிக்கக்கூடியது. அது பி.வி.சி.யோடு வேதிப்பிணைப்பில் நிற்பதில்லை, சப்பச் சப்பக் கசியும், துவைத்து முழுவதும் எடுக்கவும் முடியாது. தாலேட் இல்லாத பிளாஸ்டிசாலும் சந்தையில் உண்டு, ஆனால் கையால் தொட்டு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஆகவே ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நெஞ்சிலும் கழுத்திலும் தடித்த பிரிண்ட் உள்ள சட்டையே வேண்டாம். மினுக்குத்தூள் ஒட்டியதும் வேண்டாம். படம் வேண்டுமென்றால் எம்பிராய்டரி போதும், உள்பக்கம் மெல்லிய துணி வைத்து மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அழுத்துப் பித்தான்களில் நிக்கல் பூச்சு இருந்தால் தொப்புளைச் சுற்றிச் சிவந்து தடிக்கும். பித்தானின் பின்பக்கம் தோலில் படாமல் பட்டித்துணி வைத்துத் தைத்திருப்பது நல்ல தையல்.

திருப்பூர் காதர்பேட்டை கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய துணி வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மிஞ்சியது என்பதாலேயே நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது. அளவு பிசகி ஒதுக்கியது இருக்கும், சோதனையில் தோற்று ஒதுக்கியதும் இருக்கலாம். ஆகவே கீழே சொல்லும் சோதனைகளை அதற்கும் செய்யுங்கள். அமெரிக்காவுக்குத் தைத்த இரவு உடைகளின் கழுத்து லேபிளில், உடலோடு ஒட்டி அணியவும், தீத்தடுப்பு இல்லை என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். ஒரு காலத்தில் அங்கே இரவு உடைகளில் தீப்பிடிக்காமல் இருக்க டிரிஸ் என்ற ரசாயனத்தை ஏற்றினார்கள், அது புற்றுநோய் உண்டாக்கும் என்று 1977-இல் தடை செய்தார்கள். தளர்வாகத் தொங்கினால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், இன்று ரசாயனம் ஏற்றாத பருத்தி உடை வேண்டுமென்றால் உடலை ஒட்டித் தைத்தாக வேண்டும். அந்த லேபிள் இருப்பது நல்ல அடையாளம்தான். சற்றுப் பெரிதாக இருக்கட்டும் என்று அடுத்த அளவை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

வீட்டில் செய்யும் மூன்று சோதனைகள்

வெள்ளை பனியன் துணித் துண்டு ஒன்றை நனைத்து, பிழிந்து, ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். புதுத்துணியின் உள்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குப் பத்து முறை முன்னும் பின்னும் அழுத்தித் தேயுங்கள். ஆய்வகத்தில் இதையே கருவி செய்கிறது. இலேசான சாயல் ஒட்டினால் அலசினால் சரியாகும். விரல் நுனியில் துணியின் நிறம் அப்படியே வந்தால், அந்தச் சாயம் இழையைப் பிடிக்கவே இல்லை என்று பொருள்.

இரண்டாவது வியர்வைச் சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, புதுத்துணியின் ஓரத்தையும் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டையும் அதில் நனைத்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். பாலித்தீன் பையில் சுற்றி, வெதுவெதுப்பான இடத்தில், மேலே ஓர் அம்மிக்குழவியை வைத்து நான்கு மணி நேரம் விடுங்கள். ஆய்வகத்திலும் 37 டிகிரி சூட்டில் நான்கு மணி நேரம்தான். நம் சித்திரை மாத மதியத்துக்குத் தனியாகச் சூடு வைக்க வேண்டியதில்லை. பிரித்துப் பார்க்கும்போது வெள்ளையில் எந்த அளவுக்கு நிறம் ஏறியிருக்கிறதோ, அதுதான் வேர்த்துக் கிடக்கும் குழந்தையின் முதுகுக்கும் போகும். பாலியஸ்டரில் ஏற்றும் சில அடர்நீலச் சாயங்கள் தோல் ஒவ்வாமைக்குப் பெயர் போனவை. கல்யாணத்துக்கு வாங்கும் நெட் கவுன்களையும் செயற்கைப் பட்டுப்பாவாடைகளின் உள்துணியையும் அவசியம் இப்படிப் பாருங்கள்.

மூன்றாவதற்கு ஈரோட்டு மஞ்சள் போதும். துணிக்குச் சாயம் ஏறச் சோடா போடுவார்கள், வெளுப்பதற்கும் காரம் வேண்டும். கடைசியில் அதை அமிலம் விட்டுச் சமன்செய்து அலச வேண்டும். ஒவ்வொரு அலசல் நீரையும் சுத்திகரித்தாக வேண்டும் என்பதால் அலசல் என்றாலே செலவு. மலிவு வேலையில் முதலில் குறைவது அதுதான். மிச்சமிருக்கும் காரம் பிஞ்சுத் தோலை வறட்டி அரிக்க வைக்கும். துணியின் ஓரத்தைச் சிறிதளவு குடிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழியுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், நம் பக்கத்துக் கடினநீரே காரமாக இருக்கும். வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, காய்ந்ததும் பிழிந்த நீரை ஒரு சொட்டு விடுங்கள். ஆரத்தித் தண்ணீர்போல் சிவந்தால் காரம் நிறைய இருக்கிறது. இலேசான காரம் மஞ்சளில் தெரியாது, சிவப்புத் துணிக்கும் இது சரிவராது. அதற்கு ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் பி.எச். தாள் கிடைக்கும்.

முதல் அலசல்

புதுத்துணியை வாங்கிய கையோடு போடக்கூடாது. பெயர் சூட்டும் நாளாகவே இருந்தாலும் முந்தின வாரமே வாங்கி அலசிவிடுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெறும் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, வாசனையில்லாத சோப்பில் வெந்நீர் விட்டுத் துவைத்து, நிறம் இறங்குவது நிற்கும் வரைக்கும் அலசுங்கள். ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரையக்கூடியது, முதல் துவையலிலேயே பெரும்பங்கு போய்விடும்.

சாயம் போகாமல் இருக்கக் கல் உப்பில் ஊறவைக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. குழந்தைத் துணிக்கு அதைச் செய்யாதீர்கள். ஒட்டாத சாயத்தை உப்பு துணியிலேயே தங்க வைக்கும், நமக்கோ அது வெளியேற வேண்டும். கடைசி அலசலில் ஊற்றும் வாசனைத் திரவமும் வேண்டாம்.

இதில் நம் அமுச்சிகளின், அதாவது பாட்டிமார்களின், வழக்கம் அருமையானது. பிறந்த குழந்தையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றுவார்கள், பழைய நூல் சேலையில் தொட்டில் கட்டுவார்கள். பலநூறு முறை துவைத்த துணியில் வெளியேற வேண்டியது ஒன்றும் மிச்சமிருக்காது. ஆனால் அந்தப் பழந்துணியை எங்கே வைத்திருந்தார்கள் என்று அவசியம் கேளுங்கள். பீரோவில் அந்துருண்டையோடு இருந்த துணியைப் பிறந்த குழந்தைக்குப் போடவே கூடாது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலீனின் ஆவியே ரத்த அணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும். காமாலை முற்றினால் மூளையும் பாதிக்கும். ஆண் குழந்தைகளிடம் இந்தக் குறை அதிகம், பார்த்தால் வெளியே தெரியாது. மூத்த பிள்ளையின் துணிகளை அடுத்த குழந்தைக்கு எடுத்து வைப்பவர்கள் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டு வையுங்கள்.

நீங்களே தைத்து விற்பவராக இருந்தால்

எங்கள் பக்கம் வீட்டில் நாலு மெஷின் போட்டு ஜப்லாவும் நிக்கரும் தைக்கும் பெண்கள் ஏராளம். துணி எடுக்கும்போது லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்ணை, கேட்டு எழுதி வையுங்கள். சோதனை அறிக்கை காட்டினால் தேதியையும் நிறத்தையும் பாருங்கள். வெள்ளைக்கு எடுத்த அறிக்கை சிவப்புக்குச் செல்லாது. ஓக்கோ-டெக்ஸ் சான்று ஓராண்டுக்குத்தான், அதில் உள்ள எண்ணை அவர்களின் இணையதளத்தில் போட்டால் உண்மையா என்று தெரியும், முதல் வகுப்பா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். பிரிண்டிங் கொடுக்கும்போது பி.வி.சி.யும் தாலேட்டும் இல்லாத மை என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நூல், எலாஸ்டிக், பித்தான் எல்லாமும் துணியோடு சேர்ந்த கணக்குத்தான்.

தடை செய்த அசோ சாயத்தைக் கண்ணாலும் விரலாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மத்திய அரசின் ஜவுளிக் குழுவின் ஆய்வகங்களும் உள்ளன. ஒருத்தியால் கட்டணம் கட்ட முடியாவிட்டால், ஒரே லாட் துணி எடுத்த நான்கைந்து பேர் சேர்ந்து கட்டுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். சாயப்பட்டறைக்காரரும் அறிக்கை கேட்கும் கூட்டம் என்று தெரிந்த பிறகு எங்கள் துணியை ஒரு சோப்பிங் (சோப்பு நீரில் அலசுவது) கூட்டித்தான் இறக்குகிறார்.

இவ்வளவும் செய்தபின்னும் கழுத்து மடிப்பிலோ தொடையிடுக்கிலோ சட்டையின் ஓரம் பட்ட கோட்டிலேயே தடிப்பு வந்தால் துணியைக் கழற்றிவிட்டு, வெறும் தண்ணீரில் குழந்தையைத் துடையுங்கள். பவுடரும் எண்ணெயும் பூச வேண்டாம். அந்தத் துணியைத் துவைக்காமல், லேபிளோடும் பில்லோடும் ஒரு கவரில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் பார்த்த பிறகு அதே கவரோடு கடைக்கும் போய், எந்த லாட் என்று கேளுங்கள்.