பைதான், கொட்லின், டைப்ஸ்கிரிப்ட் எல்லாம் கலந்த ப்ராஜெக்ட்: ரிப்போவும் ஆட்டோ பில்டும் எப்படி அடுக்குறது

ஹட்டன், தலவாக்கலை பக்கம் கோடிங் படிச்ச நம்ம புள்ளைங்க சேர்ந்து, தோட்டத்துல பறிக்கிற தேயிலைக் கொழுந்து நிறுவை கணக்கு போடுற ஆப் ஒண்ண ஓப்பன் சோர்ஸா செய்றாங்கனு வைங்க. சர்வர் பைதான், ஃபோன் ஆப் கொட்லின், ஆபிஸ்ல பாக்குற வெப் பக்கம் டைப்ஸ்கிரிப்ட், இதுக்கு மேல தமிழ் சிங்களம் இங்கிலிஷ்ல ஸ்கிரீன் எழுத்து. முதல்ல வர்ற சண்டையே ஒரு ரிப்போவா (கிட்ங்கிற டூல்ல கோட் எல்லாம் பழைய மாற்றங்களோட இருக்கிற இடம்) நாலு ரிப்போவாங்கிறதுதான்.

என்னக் கேட்டா ஒண்ணு போதும். அரைப்பேர் (நிறுவை குறைஞ்சா பாதி நாள் சம்பளம்) போடுற விதி மாறுதுன்னா சர்வர், ஆப், வெப் மூணுலயும் மாத்தணும், தனித்தனி ரிப்போன்னா மூணு புல் ரிக்வெஸ்ட் (நான் மாத்துனத சேத்துக்கங்கன்னு கேக்குறது), மூணும் ஒரே நேரத்துல மெர்ஜ் ஆகாது, அதாவது மெயின் கோட்ல சேராது, நடுவுல ஆப் ஒரு தொகை காட்டும் வெப் இன்னொண்ணு காட்டும், சம்பள விஷயத்துல அப்படி ஒரு தடவ நடந்தா அதுக்கப்புறம் யாரு நம்புவா? ஒரே ரிப்போன்னா ஒரே கமிட்ல, அதாவது ஒரே பதிவுல முடிஞ்சிரும். சப்மாட்யூல் (ஒரு ரிப்போக்குள்ள இன்னொரு ரிப்போவ இணைக்கிறது) போடலாமேன்னு ஒருத்தர் வருவார், வேணாம், புதுசா க்ளோன் பண்றவங்க, அதாவது ரிப்போவ தன் மெஷினுக்கு காப்பி எடுக்கிறவங்க எல்லாம் ஃபோல்டர் காலியா இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. ஒரு லைப்ரரிய வெளியாளுங்களும் எடுத்து பாவிக்க ஆரம்பிச்சு, அதைப் பாக்க தனியா ஆளும் வந்தா அப்ப பிரிங்க.

ஃபோல்டருக்கு வேலைய வச்சு பேர் வைங்க: சர்வர், ஆப், வெப், எழுத்து, ஏபிஐ. பைதான்னு ஒரு ஃபோல்டர் வேணாம், நாளைக்கு அதையே கோ மொழில எழுதுனா பேர் பொய்யாயிடும். ஏபிஐ ஃபோல்டர்ல ஓப்பன்ஏபிஐ ஃபைல் ஒண்ணு (ஆப்பும் வெப்பும் சர்வர்கிட்ட எப்படி பேசணும்னு எழுதி வைக்கிறது), அதுலருந்துதான் சர்வர்கிட்ட பேசுற கொட்லின் க்ளையன்ட்டும் டைப்ஸ்கிரிப்ட் க்ளையன்ட்டும் ஜெனரேட் ஆகணும். பில்ட்ல மறுபடி ஜெனரேட் பண்ணி கிட் டிஃப் பாருங்க, வித்தியாசம் இருந்தா யாரோ கையால நோண்டியிருக்காங்க, சிவப்பு காட்டிருங்க.

அப்புறம் ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு மேக்ஃபைல் (நீளமான கமாண்டுக்கு சின்ன பேர் வைக்கிற ஃபைல்). உள்ள அந்தந்த மொழியோட டூல், க்ரேடிலோ பைடெஸ்ட்டோ என்பிஎம்மோ எது வேணா ஓடட்டும், வெளில பில்ட், டெஸ்ட், லிண்ட் (கோட்ல தப்பு தேடுறது)னு அதே மூணு பேர்தான். கோட் மாறுனதும் பில்ட தானா ஓட்டுற கிட்ஹப் ஆக்ஷன்ஸும் அந்த கமாண்டையே கூப்பிடணும், என்னென்ன ஓடணும்னு அதுக்கு சொல்ற வொர்க்ஃப்ளோ ஃபைலுக்குள்ள தனியா ஸ்கிரிப்ட் எழுதாதீங்க, அப்பதான் அங்க ஃபெயில் ஆனத வீட்டு லேப்டாப்லயும் ஓட்டிப் பாக்கலாம்.

இப்ப நிறைய பேர் மாட்டிக்கிற இடம். வெப்ல ஒரு கலர் மாத்துனதுக்கு ஆண்ட்ராய்ட் பில்ட் ஓடக்கூடாதுன்னு வொர்க்ஃப்ளோல பாத்ஸ் ஃபில்டர் போடுவோம், சரிதான், ஆனா அதே வொர்க்ஃப்ளோவ மெயின் ப்ராஞ்சுக்கு ரிக்வயர்ட் செக்கா (பாஸ் ஆனாத்தான் மெர்ஜ்) வச்சிருந்தா, ஃபில்டரால ஓடாத செக் பெண்டிங்லயே நிக்கும், மெர்ஜ் பட்டன் திறக்காது. அதனால ஃபில்டர ஜாப் (வொர்க்ஃப்ளோக்குள்ள ஒரு வேலை) அளவுக்கு இறக்குங்க. முதல் ஜாப் எந்த ஃபோல்டர் மாறியிருக்குன்னு பாக்கும், மத்த ஜாப்களுக்கு இஃப் கண்டிஷன். ஸ்கிப் ஆன ஜாப் பாஸ்னு கணக்காகும். கடைசில எல்லா ஜாப்பையும் நீட்ஸ்ல (எதெல்லாம் முதல்ல முடியணும்ங்கிற பட்டியல்) வச்ச ஒரு கேட் ஜாப், அத மட்டும் ரிக்வயர்ட் ஆக்குங்க. அந்த கேட்ல இஃப் ஆல்வேஸ் (முன்னாடி என்ன ஆனாலும் ஓடு) கட்டாயம், இல்லன்னா முன்னாடி ஜாப் ஃபெயில் ஆனதும் கேட்டே ஸ்கிப் ஆகி, ஸ்கிப்னா பாஸ்ங்கிறதால உடைஞ்ச கோட் உள்ள போயிரும். கேட்டுக்குள்ள ஒவ்வொரு ரிசல்ட்டையும் பாத்து ஃபெயில், கேன்சல் இருந்தா நிப்பாட்டுங்க. ஏபிஐ ஃபோல்டர் மாறுனா மட்டும் எல்லாமே ஓடட்டும்.

பப்ளிக் ரிப்போக்கு சாதாரண ரன்னர் (பில்ட் ஓடுற கிட்ஹப் மெஷின்) இலவசம், ப்ரைவேட்னா இலவச அக்கவுண்ட்டுக்கு மாசம் 2000 நிமிஷம். இறக்குன லைப்ரரிய எடுத்து வைக்கிற கேஷோட கீயை லாக் ஃபைல் (லைப்ரரி வெர்ஷன் பட்டியல்) ஹாஷ்ல கட்டுங்க, 7 நாள் யாரும் தொடாத கேஷ் அழிஞ்சிரும். ஃபோர்க்லருந்து (வெளியாளோட காப்பி ரிப்போ) வர்ற புல் ரிக்வெஸ்ட்டுக்கு சீக்ரெட் (சாவி, பாஸ்வேர்ட்) கிடைக்காது, அதுதான் நல்லது, ஏபிகே (ஃபோன்ல போடுற ஆப் ஃபைல்) சைன் பண்றத டேக் (வெர்ஷன் பேர்) போட்டதுக்கப்புறம் ஓடுற தனி வொர்க்ஃப்ளோல வைங்க.

தமிழுக்குன்னு ரெண்டு செக் சேருங்க. கொழுந்துல இருக்கிற கொ-வோட ஒகரக் குறிய யூனிகோட்ல ஒரே குறியாவும் வைக்கலாம், ரெண்டு துண்டாவும் வைக்கலாம், கண்ணுக்கு ஒண்ணுதான், தேடுனா பொருந்தாது. எழுத்து ஃபோல்டர் முழுக்க, ஒரே குறியா சேத்து வைக்கிற என்எஃப்சி வடிவத்துல இருக்கான்னு டெஸ்ட் பண்ணுங்க. சம்பள ஸ்லிப் பிடிஎஃப் எடுக்கிற டெஸ்ட் இருந்தா ரன்னர்ல நோட்டோ தமிழ், நோட்டோ சிங்களம் ஃபாண்ட்ட இன்ஸ்டால் பண்ணிட்டு ஓட்டுங்க, ஃபாண்ட் இல்லன்னா எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா வரும், டெஸ்ட்டோ பச்சையா இருக்கும்.

கடைசியா லயத்துல (தோட்ட வரிசை வீடுகள்ல) ஒரு கோடு சிக்னல்ல உக்காந்திருக்கிறவங்க. எழுத்து மட்டும் திருத்துறதுக்கு க்ளோனே வேணாம், ஃபோன் ப்ரவுசர்லயே எடிட் பண்ணி புல் ரிக்வெஸ்ட் போடலாம். கோட் எழுதணும்னா பிரச்சனை, கிட் க்ளோன் பாதில அறுந்தா திரும்ப முதல்லருந்துதான், டேட்டா கார்ட் கரைஞ்சிரும். டவுன்ல நல்ல லைன் உள்ள யாராச்சும் கிட் பண்டில் கமாண்ட்ல முழு ரிப்போவையும் ஒரே ஃபைலா பென்ட்ரைவ்ல போட்டுக் குடுக்கட்டும், அதுலருந்தே க்ளோன் பண்ணி, ரிமோட் அட்ரஸ கிட்ஹப்புக்கு மாத்திட்டு புல் பண்ணுனா புதுசா வந்த கமிட் மட்டும்தான் இறங்கும். இந்த ஸ்டெப்ப ரீட்மீல தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதி வைங்க.