ஸ்கேன் புக்குக்கு மெய்ப்பு பாக்குறவங்க பாதியில காணாம போறது ஏன்? நாம பண்ற தப்புகள்

என் கதையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். தமிழ் விக்கிமூலம்னு, பழைய புத்தகங்கள இலவசமா படிக்க வெக்கிற இணைய நூலகம் இருக்கு, அங்க மெய்ப்பு பாக்க வந்த புதுசுல ஒரு புக்க எடுத்து ஒரே வாரத்துல நாப்பது பக்கம் முடிச்சேன், ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டைகூட மாத்தாம லேப்டாப்ப தொறந்து உக்காந்துடுவேன், அம்மா சாப்பிட கூப்பிட்டா "இந்த ஒரு பக்கம் மட்டும்மா"ன்னு சொல்லிட்டு பதினொரு மணிக்கு ஆறிப்போன தோசைய திம்பேன். அப்படியே ஒரு மாசம் போச்சு. ஒரு நாள் ராத்திரி 140ஆவது பக்கத்த சேவ் பண்ணிட்டு மூடினவன் எட்டு மாசம் அந்தப் பக்கம் தலைவெச்சுகூட படுக்கல. யாரும் திட்டல, சண்டையும் இல்ல, அந்த புக்க நினைச்சாலே ஒரு மாதிரி எரிச்சலா இருந்துச்சு அவ்ளோதான்.

வேலை ஜாஸ்தின்னுதான் அப்ப நினைச்சேன். இப்ப யோசிச்சா நான் பண்ண முதல் தப்பு அத "என் புக்கு"ன்னு நினைச்சது.

புதுசா வர்றவங்களுக்கு இது என்ன வேலைன்னு சொல்லிடறேன். பழைய புத்தகம், முக்கியமா நாட்டுடைமை ஆன (அரசு உரிமைய வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கின) எழுத்தாளர்களோடது, ஸ்கேன் பண்ணி ஏத்தியிருப்பாங்க. ஓசிஆர்ங்கிற சாஃப்ட்வேர் அந்தப் படத்த எழுத்தா மாத்தும், ஆனா குப்பையும் கூடவே வரும். ஒரு பக்கம் எழுத்து, பக்கத்துல ஸ்கேன் படம், ரெண்டையும் பாத்துப் பாத்து நாம திருத்தணும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருத்தர் திருத்தினா மஞ்சள், இன்னொருத்தர் மறுபடி பாத்து சரின்னா பச்சை. இதுல ஒரு விஷயத்த கவனிங்க, நீங்க மஞ்சளாக்கின பக்கத்த நீங்களே பச்சையாக்க முடியாது, சாஃப்ட்வேர் விடாது. அதாவது ஒரு ஆள் ஒரு புக்க முழுசா முடிக்கிற மாதிரி அது கட்டப்படவே இல்ல! இது தெரிஞ்சும் நான் ஒத்த ஆளா ஒரு புக்க தூக்கி நிறுத்தணும்னு மல்லுக்கட்டினேன் பாருங்க.

உலகத்துல இந்த வேலைய பக்கம் பக்கமா பிரிச்சுக் குடுத்ததே ஒரே ஆள் தலைல மொத்தமும் விழக்கூடாதுன்னுதான். 2000ல சார்லஸ் ஃப்ராங்க்ஸ்னு ஒருத்தர் டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ ஆரம்பிச்சாரு, ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ங்கிற இலவச மின்னூல் தளத்துக்காக. அங்க புதுசா வர்றவங்ககிட்ட கேக்குறதே ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான், அதுவும் கட்டாயம் இல்ல. ஒரு பக்கம்னா சிரிப்பா இருக்குல்ல? எனக்கும் இருந்துச்சு. ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா வருசத்துக்கு 365. நான் ஒரு மாசம் பேய் மாதிரி ஓடி எட்டு மாசம் படுத்ததுல மொத்தமே 140தான்.

அடுத்த தப்பு, புக்க தேர்ந்தெடுக்குறதுல. வந்த உடனே அகராதி, கலைக்களஞ்சியம்னு கைவெக்கிறது. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு பத்தி, பொடி எழுத்து, அடிக்குறிப்பு, நடுவுல அட்டவணை வேற. கதை புக்குல பத்து பக்கம் முடிக்கிற நேரத்துல இதுல ஒண்ணுகூட நகராது, நமக்குத்தான் துப்பில்லபோலன்னு தோண ஆரம்பிச்சுடும். முதல்ல நூறு பக்கத்துக்குள்ள ஒரு சிறுகதைத் தொகுப்போ கட்டுரை நூலோ எடுங்க. உங்களுக்கே படிக்கணும்னு ஆசை இருக்குற புக்கா இருக்கட்டும். அடுத்த பக்கத்துல என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்கவே நீங்க உக்காருவீங்க.

எடுத்த புக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் ஒருதடவ புரட்டிப் பாத்துடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் 180 பக்கம் முடிச்சப்புறம்தான் நடுவுல ரெண்டு தாள் ஸ்கேன்லயே இல்லன்னு கண்டுபிடிச்சாரு, அன்னைக்கு விட்டவருதான். காப்புரிமையும் அப்படித்தான், இந்தியால எழுத்தாளர் செத்து 60 வருசம் ஆகணும், அதுவும் அவர் செத்த வருசத்துக்கு அடுத்த ஜனவரிலேர்ந்து எண்ணணும், இல்லன்னா நாட்டுடைமை ஆகியிருக்கணும். இலங்கைல 70 வருசம். இதப் பாக்காம தானே ஸ்கேன் பண்ணி ஏத்தி ராத்திரி பகலா திருத்தி கடைசில நீக்கச் சொன்னா எவனுக்குத்தான் வெறுக்காது.

இப்ப நுணுக்கமான எடத்துக்கு வருவோம், ஏன்னா தமிழ்ல சோர்வு வர்றதே இங்கதான்னு நினைக்கிறேன். ஓசிஆருக்கு துணைக்காலையும் (ா) ர-வையும் பிரிக்கத் தெரியாது, "காலம்" வந்து "கரலம்"னு நிக்கும். 1978க்கு முன்னாடி அச்சான புக்குன்னா லை, னை எல்லாம் பழைய கொம்பு வெச்ச எழுத்துல இருக்கும், அத பாத்து மெஷின் ஏதோ உளறும். தமிழ் எண் ௧, எழுத்து க ஆயிடும். வரி முடியுற எடத்துல நம்மாளுங்க கோடு போடாமலே வார்த்தைய ரெண்டா வெட்டி அடுத்த வரிக்கு தள்ளியிருப்பாங்க, அத ஒட்டணும். இத ஒவ்வொண்ணா கையால திருத்திட்டே இருந்தா இருபதாவது பக்கத்துல மூளை மரத்துப்போயிடும். முதல் அஞ்சு பக்கத்துல எந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருதுன்னு ஒரு தாள்ல குறிச்சுக்கோங்க, அதுக்கு தேடி மாத்துற வசதி இருக்கு, அத யூஸ் பண்ணுங்க. அதுக்காக "ர"வ எல்லாம் காலா மாத்துன்னு ஒரே தட்டா தட்டிடாதீங்க சாமி, முழு வார்த்தையா குடுங்க. நிரல் எழுதத் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா மொத்த புக்குக்கும் சேத்து ஓட்டிக் குடுப்பாங்க, கேக்குறதுல ஒரு வெட்கமும் இல்ல. நான் மூணு வாரம் கேக்காம இருந்தேன், தெரிஞ்ச ஆள் மாதிரி காட்டிக்க.

களைச்சுப்போன கண்ணு என்ன பண்ணும்னா, தாள்ல இருக்குறத படிக்காது, இருக்கணும்னு நினைக்கிறத படிக்கும். "அவன்", "அவள்" ரெண்டுமே சரியான வார்த்தை, எந்த மெஷினும் அங்க சிவப்புக்கோடு போடாது, நீங்கதான் ஸ்கேன பாக்கணும். தூக்கத்துல திருத்தின பக்கம் திருத்தாத பக்கத்தவிட மோசம், ஏன்னா மஞ்சளாகி நிக்குறதால அடுத்தவர் நம்பிடுவாரு. ஒரே வரிய ரெண்டாவது தடவ படிக்கிறீங்கன்னா அன்னைக்கு போதும், மூடுங்க.

பழைய புக்குல "சொல்லிக்கொண் டிருந்தான்"னு பிரிச்சுப் போட்டிருப்பாங்க, இன்னைக்கு நமக்கு அது தப்பாத் தெரியும், கை துறுதுறுன்னு வரும். மாத்தாதீங்க, மூலத்துல உள்ளபடிதான் இருக்கணும். ஒவ்வொரு சந்திக்கும் நின்னு இது சரியா தப்பான்னு யோசிச்சா நீங்க மெய்ப்பு பாக்கல, புதுப் பதிப்பு போடறீங்க, அந்த பாரம் உங்க தலைல எதுக்கு? அப்புறம் தலைப்ப நடுவுல போடணுமா ஓரமா போடணுமா, எழுத்து பெருசா சின்னதான்னு சக ஆளோட மூணு நாள் வாக்குவாதம் பண்றது. சத்தியமா சொல்றேன், ஆயிரம் பக்கம் திருத்துறதவிட அந்த மூணு நாள்தான் ஆள சாய்க்கும். படிக்கிறவனுக்கு எழுத்து சரியா இருந்தா போதும்.

புரியாத பக்கத்துல போய் மணிக்கணக்கா மாட்டிக்கிறதும் அதே கணக்குதான். கறை படிஞ்சிருக்கு, கிரந்தத்துல ஒரு ஸ்லோகம் இருக்கு, படம் வெட்டி ஒட்டணும்னா "சிக்கலானவை"ன்னு வெளிர் நீலம் குடுத்துட்டு அடுத்த பக்கம் போங்க. அந்த நிறம் அதுக்குத்தான் இருக்கு, தோல்வி அடையாளம் ஒண்ணும் இல்ல.

மெய்ப்பு பாக்குற போட்டி நடக்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதை. பக்கத்துக்கு இத்தனை புள்ளின்னு வந்துட்டா மனசு எண்ணிக்கைக்கு தாவிடும், நானும் ஒரு போட்டில பட்டியல்ல என் பேர் எத்தனாவது எடத்துல இருக்குன்னு அரை மணிக்கொரு தடவ பாத்துட்டு இருந்தேன், முடிஞ்ச மறுநாள் கைய வெக்கவே பிடிக்கல. போட்டிக்கு வாங்க, வேணாம்னு சொல்லல, அதுக்கப்புறம் ஒரு வாரம் லீவுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு வாங்க.

வீட்டுல "இதுக்கு எவ்ளோ தர்றாங்க"ன்னு கேப்பாங்க. ஒண்ணும் தரலன்னு சொன்னா ஒரு பார்வை பாப்பாங்க. அந்தப் பார்வைக்கு பதில் சொல்றதுக்காகவே நிறைய பேர் பெருசா ஏதாவது சாதிச்சுக் காட்டணும்னு ஓடறாங்க, தேவையே இல்ல. தமிழ் நூல்கள இலவச மின்னூலாக்குற மதுரைத் திட்டம் 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சப்பவும் ஆளாளுக்கு வீட்டுல உக்காந்து கிடைச்ச நேரத்துல டைப் பண்ணி அனுப்பினதுதான், யாருக்கும் சம்பளம் கிடையாது.

கண்ணு, மணிக்கட்டு, நாற்காலி பத்தி நான் சொல்லி நீங்க கேக்கப்போறதில்ல, இருபது நிமிசத்துக்கு ஒரு தடவ தூரமா பாருங்க, எழுத்து சின்னதா இருந்தா ஸ்கேன பெருசாக்கிக்கோங்க, குனியாதீங்க.

கடைசியா, நிறுத்தணும்னா சொல்லிட்டு நிறுத்துங்க. நான் சொல்லாம போனதால குற்ற உணர்ச்சிலயே திரும்பி வர அவ்ளோ நாள் ஆச்சு. "கொஞ்ச நாள் வரமாட்டேன், இந்த புக்க யாராவது எடுத்துக்கலாம்"னு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சுது. எட்டு மாசம் கழிச்சு பயந்துட்டேதான் தொறந்தேன். 141லேர்ந்து கடைசி வரைக்கும் யாரோ மஞ்சளாக்கி வெச்சிருந்தாங்க, நான் பாத்த பக்கங்கள்ல பாதி பச்சையா இருந்துச்சு. 87ஆவது பக்கத்துல நான் "அவன்"னு விட்டிருந்தத "அவள்"னு திருத்தியிருந்தாங்க. ஒரு டீ போட்டுட்டு வந்து 141ஐ பச்சையாக்க உக்காந்தேன்.