"ஆராய்ச்சில கண்டுபிடிச்சிட்டாங்க"ன்னு ஃபார்வர்டு வந்தா எப்படி படிக்கிறது

நம்ம பாண்டி, கடலூர் பக்கம் ஃபேமிலி குரூப்ல ரெண்டு வகை ஆளுங்க இருக்காங்க. ஒருத்தர் "நாசாவே சொல்லிடுச்சு"ன்னு அனுப்புவார், இன்னொருத்தர் "நேத்து ஒண்ணு சொன்னானுங்க இன்னைக்கு ஒண்ணு சொல்றானுங்க, எல்லாம் டுபாக்கூர்"னு அனுப்புவார், சில சமயம் ரெண்டுமே ஒரே மாமா தான். ரெண்டுக்கும் அடியில இருக்கறது ஒரே நெனப்பு, சயின்ஸ்னா கோர்ட்டு தீர்ப்பு மாதிரி ஒரு தடவ சொன்னா சொன்னதுதான்னு. அது அப்படி நடக்கறதில்ல. எப்படி நடக்குதுன்னு நம்ம ஊரு மேட்டர வச்சே பாக்கலாம்.

2004 சுனாமி. அலையாத்திக் காடு தான் நம்மள காப்பாத்துச்சுன்னு பிச்சாவரம் பக்கம் எல்லாரும் சொல்லுவாங்க இல்லயா. பரங்கிப்பேட்டையில இருக்கற அண்ணாமலை யுனிவர்சிட்டி கடல் உயிரியல் மையத்துக்காரங்க ரெண்டு பேரு 18 கடலோர குப்பங்கள எடுத்து, எங்க எத்தன சாவு, எவ்ளோ சொத்து போச்சு, ஊரு கடல்லேர்ந்து எவ்ளோ தூரம், எவ்ளோ மேடு, முன்னாடி எவ்ளோ காடுன்னு கணக்கு போட்டு 2005ல பேப்பர் (ஆராய்ச்சிக் கட்டுரை) போட்டாங்க. தூரம், மேடு, காடு மூணும் அதிகமா இருந்தா சேதம் கம்மின்னு வந்துச்சு. ஜனங்க வாயில நின்னது காடு மட்டும் தான்.

அடுத்த வருஷமே வேற சில விஞ்ஞானிங்க அதே நம்பர எடுத்து திரும்ப கணக்கு போட்டு, "தூரத்தையும் மேட்டையும் சமமா வச்சு பாத்தா காட்டுக்குன்னு தனியா ஒரு பங்கு தெரியலயே, மூணும் ஒண்ணோட ஒண்ணு சேந்தே வருது"ன்னு எழுதினாங்க. சரின்னு விட்டாங்களா? இல்ல, இன்னொரு ரெண்டு பேரு வேற முறையில கணக்கு பண்ணி, காடும் உதவியிருக்குன்னு பதில் போட்டாங்க. எல்லாம் மொத பேப்பர் வந்த அதே ஜர்னல்ல, அதாவது ஆராய்ச்சிப் பத்திரிகையில தான்.

இதுல யாரும் பொய் சொல்லல, யாரும் முட்டாளும் இல்ல. பேப்பர் அச்சாகறதுக்கு முன்னாடி அந்தத் துறை ஆளுங்க சில பேரு படிச்சு பெருசா ஓட்டை இல்லன்னு சொல்றாங்க, அவ்ளோதான், நெசமான பரீட்சையே அதுக்கு அப்புறம் தான். அதனால "இது இருந்த எடத்துல அது கம்மி"ன்னு எங்க படிச்சாலும் ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்த எடத்துல வேற என்னல்லாம் வித்தியாசமா இருந்துச்சுன்னு யோசிங்க. என்னைக் கேட்டா பாதி ஃபார்வர்டு இங்கயே அடிபட்டுடும்.

அடுத்தது "எனக்கு சரியாச்சு". மழைக்காலம் வந்தா டெங்கு, டெங்கு வந்தா பப்பாளி இலை சாறு, குடிச்சேன் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவற அணுக்கள்) சரசரன்னு ஏறிடுச்சும்பாங்க. டெங்குல காய்ச்சல் விடற சமயத்துல தான் பிளேட்லெட் நல்லா எறங்கும், அப்புறம் நெறைய பேருக்கு சில நாள்ல தானாவே ஏறிடும். எறங்கி கெடக்கும்போது டீ குடிச்சிருந்தாலும் ஏறியிருக்கும்! சாறு வேலையே செய்யாதுன்னு நான் சொல்ல வரல, இந்தக் கதைய வச்சு ரெண்டு பக்கமும் எதுவும் சொல்ல முடியாதுங்கறேன். கேக்க வேண்டிய கேள்வி, குடிக்காதவங்களுக்கு என்ன ஆச்சு? (காய்ச்சல் விட்டதும் வயித்து வலி, விடாம வாந்தி இருந்தா கேள்வியெல்லாம் அப்புறம், மொதல்ல ஆஸ்பத்திரி.)

மாத்தி மாத்தி பேசறாங்கங்கற கம்ப்ளெயிண்ட்டுக்கு 2024 நவம்பர் ஃபெஞ்சல் புயல் தான் சரியான உதாரணம். வானிலை மையத்துக்காரங்க புயலாகும்னாங்க, அப்புறம் ஆகாதுன்னாங்க, அடுத்த நாளே புயலாகி 30ஆம் தேதி ராத்திரி நம்ம பக்கத்துல கரை ஏறி அங்கயே உக்காந்துடுச்சு, பாண்டியில ஒரே நாள்ல 48 செ.மீ. அளவுக்கு மழை. மீம் போட்டு கிழிச்சோம், நியாயம் தான், தண்ணி உள்ள வந்தவனுக்கு கோவம் வரத்தான் செய்யும். ஆனா புது அளவு வந்ததுக்கு அப்புறமும் பழைய கணிப்ப பிடிச்சுக்கிட்டு இருந்தா அதுதான் ஆபத்து. எத வச்சு மாத்தினாங்கன்னு பாருங்க, காரணம் சொல்லாம மாத்தினா தான் சந்தேகப்படணும்.

ஒத்த ஆளு மேதைன்னு நம்பறதும் வேணாம். சூரியன் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு கண்டுபிடிக்க, வெள்ளி கிரகம் சூரியனுக்கு முன்னாடி கடந்து போறத அளக்க லெ ஜாந்தீல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் நம்ம பாண்டிக்கு கெளம்பினார். 1761ல ஊரு இங்கிலீஷ்காரன் கையில, எறங்கவே முடியல, ஆடற கப்பல்லேர்ந்து பாத்ததுல உருப்படியா அளக்க முடியல. எட்டு வருஷம் இந்தப் பக்கமே சுத்திட்டு 1769 ஜூன்ல பாண்டியில ரெடியா நின்னா மேகம் மூடிடுச்சு, பாவம் மனுஷன். ஆனா டஹிட்டி தீவுலேர்ந்தும் மத்த எடங்கள்லேர்ந்தும் அளந்தவங்க கணக்க சேத்து சூரியனோட தூரத்த போட்டுட்டாங்க. அதனால பெரிய விஞ்ஞானியே சொன்னார்னா, வேற எடத்துல வேற யாரு பாத்தாங்கன்னும் தேடுங்க.

தேடறது கஷ்டமில்ல. கூகுள் ஸ்காலர்ல (ஆராய்ச்சி பேப்பர் தேடறதுக்கான கூகுள்) பேப்பர் தலைப்ப போடுங்க, கீழ "சைட்டட் பை"ன்னு இருக்கும், அத தட்டினா பின்னாடி அந்த பேப்பர குறிப்பிட்டவங்க லிஸ்ட் வரும், மறுப்பு இருந்தா பெரும்பாலும் அதுலயே மாட்டும். சுருக்கம் ஃப்ரீயா படிக்கலாம், முழு பேப்பருக்கு காசு கேட்டா கட்டாதீங்க, எழுதினவருக்கே ஒரு மெயில் போட்டா நெறைய பேரு அனுப்பி வைப்பாங்க.