தாக்குதலுக்குப் பிறகு சனம் என்ன நினைத்தது? மொழி மாதிரியிடம் கேட்கும்போது நாம் விடும் பிழைகள்

2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த உயிர்த்த ஞாயிறு தாக்குதலின்போது தமிழில் எழுதப்பட்ட பதிவுகளைச் சேர்த்து, ஒரு மொழி மாதிரியிடம் (எழுத்தை வாசித்து விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவிடம்) கொடுத்து, மக்களின் மனநிலையை அறிய விரும்புகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஆய்வேடு எழுதும் பல்கலைக்கழக மாணவர்கள், ஊடகத்தில் வேலை செய்யும் இளையவர்கள், இன நல்லிணக்க வேலை செய்கிறவர்கள் என்று பலர். சிலருடைய வேலையைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை எழுதி வைத்தால் அடுத்தவருக்கு உதவும்.

துக்கத்தை வெறுப்பு என்று எண்ணுவது

ஒரு மாணவி கொண்டுவந்த வரைபடத்தில் முக்கால்வாசி சிவப்பு. சிவப்பு என்றால் ‘எதிர்மறை’. “பாருங்கோ சேர், எவ்வளவு வெறுப்பு” என்றார். “பொறும் பிள்ளை, முதலில் வாசிப்பம்” என்று அந்தச் சிவப்புக்குள் இருந்து இருபது பதிவுகளை எடுத்து இருவருமாக வாசித்தோம். ‘ஐயோ அந்தோனியாரே’ என்று ஒன்று. பூசைக்குப் போன பிள்ளைகளை நினைத்து அழுத ஒன்று. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற இரண்டே சொல்லில் பல. வெறுப்பு என்று சொல்லக்கூடியவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் செத்தவர்களுக்காக அழுத சனத்தை, அந்த வரைபடம் வெறுப்புப் பேசிய சனமாகக் காட்டிவிட்டது.

நேர்மறை, எதிர்மறை, நடுநிலை என்ற மூன்று பெட்டிகள் கடையில் வாங்கிய பொருளுக்குக் கருத்துச் சொல்வதற்காக வளர்ந்தவை. தாக்குதலுக்குப் பிறகு எழுதப்படும் எதுவும் அநேகமாக எதிர்மறைதான், வேறு எப்படி இருக்கும்? ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும். என்ன உணர்ச்சி: துக்கமா, பயமா, கோபமா? அது யார் மீது? யாருக்காவது தீங்கு செய்யச் சொல்கிறதா? இந்த மூன்றையும் ஒரே விடைக்குள் அடைக்கக் கூடாது.

இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. குண்டு வைத்தவர்கள் மீது கோபம் ஒன்று. எச்சரிக்கை கிடைத்தும் பேசாமல் இருந்த அரசின் மீது கோபம் இன்னொன்று. ஒரு சமூகம் முழுவதின் மீதும் கோபம் மூன்றாவது. இரண்டாவது கோபத்தில் நியாயம் இருந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தும்படி உத்தரவிட்டது. அந்தக் கோபத்தையும் முஸ்லிம்களுக்கு எதிரான கோபத்தையும் ஒரே நிறத்தில் தீட்டுகிற அட்டவணை, உண்மையில் நடந்ததை மறைத்துவிடும். ‘நல்லாத்தான் எங்களைப் பாதுகாத்தியள்’ என்று ஒருவர் எழுதினால், மாதிரி அதை அரசுக்கான பாராட்டாக எடுத்துக்கொள்ளவும் கூடும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சொல் மாதிரிக்குத் தெரியும் என்று நம்புவது

இந்த மாதிரிகள் படித்த தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ். அதற்குள் இலங்கைத் தமிழ் கொஞ்சம். இலங்கைத் தமிழுக்குள் முஸ்லிம்களின் தமிழ் அதிலும் கொஞ்சம். ‘நானா’, ‘காக்கா’ என்பவை முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொற்கள். அதே சொற்களை வெளியாள் ஒருவர் நக்கலாகவும் எழுதுவார். எது எது என்பது எழுதியவர் யார், யாருக்கு எழுதினார் என்பதில் இருக்கிறது. பறக்கிற காக்கா என்று விளங்கிக்கொண்டு ‘சம்பந்தமில்லாத பதிவு’ என்று ஒதுக்கினால், மாதிரி அதைப் புரியாமலே தூக்கிப் போட்டிருக்கிறது.

இதைவிடக் கடினமானது ‘தொப்பி பிரட்டி’. இங்கே வளர்ந்த எவருக்கும் அது முஸ்லிம்களைக் காட்டிக்கொடுப்பவர்களாகச் சித்திரிக்கும் வசை என்று தெரியும். மாதிரிக்கு அது தொப்பியைத் திருப்பிப் போடும் ஆள். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் சோனகதெருவில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அந்த வரலாறும் நிற்கிறது. 2019இல் யாழ்ப்பாணத்தில் ஒருவர் அதை எழுதினால், அதன் எடை வேறு. அதே நேரம், அந்த வெளியேற்றத்தை நினைத்து வெட்கப்பட்டு, ‘மறுபடி அந்தப் பிழையை விட வேண்டாம்’ என்று எழுதியவர்களும் இருப்பார்கள். அதில் ‘வெளியேற்றம்’ என்ற சொல் வருவதால் மிரட்டல் என்று குறிக்கப்பட்டால், மிகவும் நல்ல குரலைத்தான் நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

ஆகவே தொடங்கும் முன்பே ஒரு சொற்பட்டியல் செய்யுங்கள். யாழ்ப்பாணத்தவர் ஒருவரும், மட்டக்களப்பார் ஒருவரும், முஸ்லிம் ஒருவரும் சேர்ந்து செய்தால் நல்லது. ஒவ்வொரு சொல்லுக்கும் ‘எப்போது வசை, எப்போது இல்லை’ என்று ஓர் உதாரணம் எழுதி, அதைக் கட்டளையோடு சேர்த்து மாதிரிக்குக் கொடுங்கள். முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு ஆங்கிலத்தில் வகைப்படுத்தினால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். செய்யாதீர்கள். வசை மொழிபெயர்ப்பிலேயே கழுவப்பட்டுப் போய்விடும்.

ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் வேறு தலைவலி. கொலை, கோழை, கொள்ளை மூன்றும் ஏறக்குறைய ஒரே எழுத்துகளில் வந்து நிற்கும். யாழ்ப்பாணம் என்ற பெயரையே நாங்கள் ழகரம் இல்லாமல்தான் அந்த எழுத்தில் எழுதுகிறோம். இப்படிப்பட்ட பதிவுகளைத் தனிக் குவியலாக வைத்து, மாதிரி அவற்றில் எவ்வளவு சரி என்று தனியாகப் பாருங்கள். தமிழ் எழுத்தில் நன்றாகச் செய்த மாதிரி இங்கே தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

பதிவை அதன் சரத்தில் இருந்து பிய்த்து எடுப்பது

2019 மே 12. சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில், ஒரு பின்னூட்டச் சரத்துக்குள், ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் போட்டார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது அதன் பொருள். மேலே நடந்த வாக்குவாதம் தெரியாமல் அந்த வரியை மட்டும் படித்தவர்கள் அதை அடுத்த தாக்குதலுக்கான அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, ஊரடங்கு வந்தது, சமூக வலைத்தளங்கள் மறுபடி முடக்கப்பட்டன. அடுத்த நாட்களில் வடமேல் மாகாணத்தின் வேறு இடங்களுக்கும் வன்முறை பரவியது.

மனிதர்கள் செய்த அதே பிழையை, ஆயிரக்கணக்கான பதிவுகளில் ஒரே இரவில் செய்து முடிக்க மாதிரியால் முடியும். ஒரு வரிசைக்கு ஒரு பதிவு என்று அட்டவணையில் இறக்கும்போதே சரம் அறுந்துவிடுகிறது. மேலே உள்ள பதிவையும், அதற்கு மேலே உள்ளதையும் சேர்த்துக் கொடுங்கள். சேர்க்க முடியவில்லை என்றால், ‘முடிவு சொல்ல முடியாது’ என்ற விடையை மாதிரி தேர்ந்தெடுக்க இடம் கொடுங்கள். அந்த விடை இல்லாவிட்டால் அது ஏதோ ஒன்றைச் சொல்லியே தீரும்.

கிடைத்த பதிவுகளைப் பொதுமக்கள் என்று அழைப்பது

தாக்குதல் நடந்த அன்றே பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் எல்லாம் முடக்கப்பட்டு, ஏப்ரல் 30 வரை அப்படியே இருந்தன. டுவிட்டர் அப்போது திறந்திருந்தது. அந்த நாட்களின் தரவில் யார் அதிகம் இருப்பார்கள்? முடக்கத்தைத் தாண்ட விபிஎன் போடத் தெரிந்தவர்கள், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள், கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் நம் உறவுகள். சாவகச்சேரிச் சந்தையில் மரக்கறி விற்கிறவர் இருக்க மாட்டார். அவர் பேசுவது வீட்டு வைபர் குழுவில். அது யாருக்கும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

நேரக் கணக்கையும் இதோடு சேர்த்துச் சரிபாருங்கள். கொழும்பில் ஏப்ரல் 21 காலை 8.45 என்பது டொரண்டோவில் ஏப்ரல் 20 இரவு 11.15. உள்ளூர் நேரத்தில் பதிந்த தரவை அப்படியே அடுக்கினால், தாக்குதலுக்கு முதல் நாளே அதைப் பற்றி எழுதியவர்கள் என்று ஒரு கூட்டம் தோன்றும். அதை வைத்து எவராவது சதிக்கதை கட்டினால் அந்தப் பாவம் நம்முடையது.

இன்னொன்று மௌனம். அவசரகாலச் சட்டம் வந்தது, வீதிச் சோதனைகள் திரும்பி வந்தன, மே 3 அன்று யாழ் பல்கலைக்கழகத்தில் தேடுதல் நடந்து மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் கைதானார்கள். அதற்குப் பிறகு இங்கே பதிவுகள் குறைந்திருந்தால், மாதிரி அதை ‘ஆர்வம் குறைந்தது’ என்று எழுதித் தரும். பயம் என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

முழுக் குவியலையும் கொடுத்துச் சுருக்கம் கேட்பது

இது மிக இனிமையான பொறி. அழகான ஐந்து பந்திகள் வரும், வாசிக்கச் சரியாகவே இருக்கும். ஆனால் மாதிரி இந்தத் தாக்குதலைப் பற்றி ஏற்கனவே நிறையப் படித்திருக்கிறது. உங்கள் குவியலில் இருப்பதைச் சொல்கிறதா, செய்தித்தாளில் படித்ததைச் சொல்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் பதிவு எண் கேளுங்கள். மேற்கோள் தந்தால் அந்த வரி உண்மையிலேயே குவியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பொய்த் தகவலைக் கண்டுபிடிக்கச் சொன்னாலும் இதே சிக்கல். ஏப்ரல் 24 அன்று 359 பேர் இறந்ததாக எழுதியவர் பொய் சொல்லவில்லை, அன்று அரசு சொன்ன எண் அது. மறுநாள்தான் சுகாதார அமைச்சு அதை 253 அளவில் என்று திருத்தியது. அதே ஏப்ரல் 25இல் பொலிசாரே சம்பந்தமில்லாத ஓர் அமெரிக்க மாணவியின் படத்தைச் சந்தேகநபர் என்று வெளியிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களை இன்றைய அறிவை வைத்து அளக்கக் கூடாது. எழுதிய மணி நேரத்தில் என்ன தெரிந்திருந்தது என்பதை மாதிரிக்குக் கட்டளையிலேயே சொல்ல வேண்டும்.

சில மாதிரிகள் கொடூரமான பதிவைக் கண்டால் விடை தர மறுக்கும். அந்த வெற்றிடங்களை நீக்கிவிட்டுச் சதவீதம் போட்டால், மிக மோசமான பதிவுகள்தான் காணாமல் போகும். மறுத்தவற்றை எண்ணி, கையால் வாசியுங்கள். ஒரே பதிவு ஐந்நூறு முறை பகிரப்பட்டிருந்தால் ஐந்நூறு கருத்து என்று எண்ணவும் வேண்டாம்.

சரிபார்க்காமல் எண் வெளியிடுவது

முந்நூறு பதிவுகளையாவது இரண்டு பேர், ஒருவர் விடையை மற்றவர் பார்க்காமல், கையால் வகைப்படுத்துங்கள். நீங்கள் இருவருமே ஒத்துப்போகாத இடத்தில் மாதிரியிடம் சரியான விடை எதிர்பார்க்க முடியாது, அங்கே வகைகளின் வரையறைதான் மங்கலாக இருக்கிறது. பிறகு அதே பதிவுகளை மாதிரிக்குக் கொடுத்து, எந்த வகையில் எவ்வளவு தவறுகிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். மொத்தச் சரிவீதம் உயர்வாக இருந்தும், மிரட்டல் என்ற சிறிய வகையில் பாதிக்குமேல் பிழையாக இருக்கலாம். அதே கட்டளையை இரண்டு நாள் விட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள், விடை மாறலாம். மாதிரியின் பெயர், பதிப்பு, ஓட்டிய திகதி, கட்டளையின் முழுவடிவம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

பெயரோடு அனுப்புவது

மற்றப் பிழைகளால் ஆய்வு கெடும். இதில் ஆள் கெடுவார். 2020 மே மாதம் மன்னாரைச் சேர்ந்த ஓர் இளம் தமிழ்க் கவிஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். அவருடைய கவிதைகளில் தீவிரவாதம் இருக்கிறது என்றார்கள். தமிழ் தெரிந்து வாசித்தவர்கள் அவை வன்முறைக்கு எதிரானவை என்றார்கள். பிணை கிடைக்கும் வரை ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2024இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. இந்த நாட்டில் ‘தீவிரவாத ஆதரவு’ என்று ஒரு பதிவின் பக்கத்தில் மாதிரி போட்ட குறிச்சொல், எழுதியவரின் பெயரோடு ஒரு கோப்பில் கிடந்தால் அது யார் கைக்குப் போகும் என்று நம்மால் சொல்ல முடியாது.

ஆகவே மாதிரிக்கு அனுப்பும் முன்பே பெயர், பயனர் பெயர், படம், ஊர், பாடசாலை, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அறிக்கையில் பதிவை வரிக்கு வரி மேற்கோள் காட்டாதீர்கள், தேடினால் ஆள் அகப்படுவார். கருத்து மாறாமல் வேறு சொற்களில் எழுதுங்கள். முடிந்தால் வெளி நிறுவனத்தின் சேவைக்கு அனுப்பாமல் உங்கள் கணினியிலேயே ஓடக்கூடிய சிறிய மாதிரியைப் பயன்படுத்துங்கள். அது கொஞ்சம் மெதுவாக ஓடும், தமிழும் கொஞ்சம் குறைவாகத்தான் விளங்கும். அந்தக் குறையைக் கையால் வாசித்துச் சரிக்கட்டலாம். சிவப்பு வரைபடம் கொண்டுவந்த அந்த மாணவி இப்போது அப்படித்தான் செய்கிறார். நாளுக்கு ஐம்பது பதிவுகள், இரவில், தங்கையையும் பக்கத்தில் இருத்தி வைத்து.